கேமரன் மலையிலிருந்து தமிழ்நாடு: விமானம் 4 மணி நேரம்தான், பயணம் ஏன் ஒரு நாள்?

கேமரன் மலையிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று கைப்பேசியில் தட்டிப் பாருங்கள். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,515 கிலோமீட்டர், விமானத்தில் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று ஏதாவது ஓர் இணையக் கணிப்பான் உடனே பதில் சொல்லிவிடும். கணக்கில் தப்பில்லை. ஆனால், கேமரன் மலையில் பயணிகள் விமான நிலையமே கிடையாது. எனவே அந்த மூன்றரை மணி நேரத்தில் யாரும் இதுவரை சென்னைக்குப் போனதில்லை, போகவும் முடியாது.

சுற்றுலா போகிறவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஒரு நாள் முன்பின் ஆனால் என்ன? ஹாபு, சுங்கை பாலாஸ், புளூ வேலி பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து சாவுச் செய்தி வரும்போதுதான் இந்தக் கணக்கு கனக்கிறது. ஊர்த் தொடர்பு அறுந்துபோன தோட்டக் குடும்பங்கள் பல உண்டு. அறாமல் இருப்பவையும் உண்டு. பெண் எடுத்தது, பெண் கொடுத்தது என்று புதிதாக உறவு ஏற்பட்ட குடும்பங்களும் இருக்கின்றன. "நாலு மணி நேரத்துல வந்துடலாமே, ஏன் வரல?" என்று அங்கிருந்து கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அந்தப் பதிலைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம்.

முதலில் வரைபடம்

கேமரன் மலைவாசி சென்னைக்குப் போகப் பொதுவாக நாடும் விமான நிலையம் சிப்பாங்கில் உள்ள கேஎல்ஐஏ. சென்னை இருப்பது வடமேற்கில். சிப்பாங் இருப்பதோ தெற்கில். அதாவது, தானா ராத்தாவிலிருந்து நேர்க்கோட்டில் 195 கிலோமீட்டர் தெற்கே இறங்கி, அங்கிருந்து திரும்பவும் வடமேற்காகப் பறக்க வேண்டும். கேஎல்ஐஏவிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,630 கிலோமீட்டர். சாலையில் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் வந்த பிறகும், சென்னை நமக்குக் கிட்டே வரவில்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருக்கிறது!

சிப்பாங்கிலிருந்து சென்னைக்குக் கோடு போட்டால் அது மலாக்கா நீரிணையைக் கடந்து, சுமத்ராவின் அச்சே முனையைத் தொட்டு, பெரிய நிக்கோபார் தீவின் இந்திரா முனையை ஒட்டிப் போகிறது. இந்தியாவின் தென்கோடி நிலம் கன்னியாகுமரி இல்லை, இந்த இந்திரா முனைதான். விமானம் கிளம்பி ஒன்றேகால் மணி நேரம் வாக்கில் இந்தியாவை எட்டிவிடுகிறோம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். மிச்சமுள்ள தூரம் முழுக்க வங்காள விரிகுடா.

2,630 கிலோமீட்டருக்கு 4 மணி நேரமா?

நடுத்தர ரக ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அந்த வேகத்தில் வகுத்தால் 3 மணி 10 நிமிடம்தான் வருகிறது. ஆனால் டிக்கெட்டில் போடும் நேரம் ஏறத்தாழ 4 மணி. ஏனென்றால் அது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல், அந்தப் பக்கம் போய் நிற்கும் வரைக்குமான நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது, சென்னை வானில் முறைக்காகச் சுற்றிச் சுற்றி வருவது எல்லாம் அதில் அடக்கம். தாமதம் என்று பெயர் வாங்கக் கூடாது என்பதற்காக விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே நேரம் போடுவதும் உண்டு.

காற்றுக்கும் பங்கு இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. 'வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று' என்பார்கள். இதை 1950களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோடீஸ்வரம். அதன் உச்ச வேகம் பயணிகள் விமானங்கள் பறப்பதைவிட மேலே இருந்தாலும், அந்த மாதங்களில் சென்னைக்குப் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது எதிர்த்து நிற்கும். போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று ஆவது இதனால்தான். ஆனாலும் இதில் வரும் வித்தியாசம் நிமிடக் கணக்குதான். கேமரன் மலைச் சாலையில் ஒரு காய்கறி லாரி பழுதானால் போகும் நேரம் அதைவிட அதிகம்.

டிக்கெட்டைப் படிப்பதில் ஒரு குழப்பம்

காலை 9 மணிக்குப் புறப்பாடு, 10.30க்குச் சென்னை என்று டிக்கெட்டில் இருந்தால், ஒன்றரை மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. இரண்டரையைக் கூட்டினால் 4 மணி நேரம். திரும்பும்போது நேர்மாறு: அங்கே காலை 11.30க்கு ஏறினால் இங்கே இறங்கும்போது மாலை 6 மணி. ஆறரை மணி நேரம் போனதுபோல் தெரியும். அதில் இரண்டரையைக் கழித்துவிடுங்கள்.

பழைய ஆட்கள் சிலர் "ரெண்டு மணி நேரந்தானே வித்தியாசம்?" என்பார்கள். அவர்கள் சொல்வதும் ஒரு காலத்தில் சரிதான். சபா, சரவாக்கோடு நேரத்தை ஒன்றாக்குவதற்காகத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 புத்தாண்டில் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டது. அதற்கு முன் இரண்டு மணி நேரம்தான்.

ஊரிலிருந்து அழைத்துப் போக வருகிறவர்களுக்கு எப்போதும் இந்திய நேரத்தையே சொல்லுங்கள். டிக்கெட்டில் இறங்கும் இடத்துக்கு நேரே போட்டிருப்பது அந்த ஊர் நேரம்தான். அதில் கூட்டல் கழித்தல் எதுவும் தேவையில்லை.

உண்மையான பயணம் மலையில்தான் இருக்கிறது

கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது என்றாலும், பெரும்பாலோர் ஏறுவதும் இறங்குவதும் பேராக் வழியாகத்தான். பழைய வழி தாப்பாவிலிருந்து ரிங்லெட், தானா ராத்தா. புதிய வழி சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா, பிரிஞ்சாங். பகாங் பக்கமாக சுங்கை கோயானிலிருந்து ரிங்லெட்டுக்கு ஒரு சாலை இருக்கிறது. விமான நிலையத்துக்குப் போக அது பெரிதாக உதவாது.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தாப்பா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்தில் முடியும் தூரம். இங்கே வளைவுக்கு வளைவு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மழை பெய்தால் அதற்கும் மேல். தானா ராத்தாவிலிருந்து கோலாலம்பூர் டிபிஎஸ் முனையத்துக்குப் பேருந்தில் நாலு முதல் நாலரை மணி நேரம். டிபிஎஸ்ஸை ஒட்டிய பண்டார் தாசிக் செலாத்தான் நிலையத்தில் கேஎல்ஐஏ டிரான்சிட் ரயிலைப் பிடித்தால், காத்திருப்பதையும் சேர்த்து முக்கால் மணி நேரத்தில் விமான நிலையம்.

தோட்டத்துக்காரர்களுக்கு இதற்கும் முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. லயத்து வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு வருவது. சுங்கை பாலாஸ், ஹாபு தோட்டங்களுக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும், எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கி இடம் விட்டாக வேண்டிய சாலை அது. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் தேயிலைத் தோட்டம் பார்க்க வருகிற கார்கள் அந்த வழியிலேயே வரிசை கட்டி நிற்கும். கீ ஃபார்ம் சந்தையடியில் நெரிசல் பிடித்துக்கொண்டால், பிரிஞ்சாங்கைத் தாண்டவே ஒரு மணி நேரம் போய்விடும். ஒரே சாலை, திருப்பிவிட வேறு வழி கிடையாது. மழைக்காலத்தில் நிலச்சரிவால் ஒரு பக்கம் அடைபட்டால், மறு பக்கமாக மலையைச் சுற்றி இறங்க வேண்டும். சனிக்கிழமை பிற்பகலில் மலையிலிருந்து கிளம்பி இரவு விமானத்தைப் பிடிக்கும் திட்டம் யாரிடமாவது இருந்தால், வெள்ளிக்கிழமையே இறங்கிவிடுங்கள் என்றுதான் சொல்லுவேன்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போக வேண்டும், திருச்சி விமானம். தோட்டத்திலிருந்து தானா ராத்தா முக்கால் மணி. பேருந்து நாலரை. ரயில் முக்கால். விமான நிலையத்தில் 3 மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். விமானம் 4. திருச்சியில் குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுப்பது என ஒரு மணி. அங்கிருந்து காரில் 2 மணி. மொத்தம் 16 மணி நேரம். அதில் விமானத்தில் உட்கார்ந்திருப்பது கால் பங்கு. இதுவும் பேருந்து, ரயில், விமானம் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டினாற்போல் கிடைத்தால்தான். நடைமுறையில் கிடைக்காது.

எந்த விமான நிலையம் என்பது முக்கியம்

தோட்டத் தமிழர்களின் முன்னோர்களில் பெரும்பகுதியினர் திருச்சி, சேலம், தஞ்சாவூர், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். வட ஆர்க்காட்டுப் பக்கம் என்றால் சென்னை சரி. மற்றவர்களுக்குத் திருச்சியே மேல். கேஎல்ஐஏவிலிருந்து திருச்சி ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர். சென்னையைவிட 60 கிலோமீட்டர்தான் கூடுதல். ஆகாயத்தில் அது ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆனால் சென்னையில் இறங்கித் திருச்சிக்குச் சாலையில் போனால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு அங்கே டாக்சிக்குப் போய்விடும். திருச்சியின் புதிய முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு, குடிநுழைவு வரிசையில் நிற்க இடமாவது தாராளமாக இருக்கிறது.

இங்கே புறப்படும் பக்கமும் ஒரு மாற்று உண்டு. 2024 டிசம்பர் 21 முதல் இண்டிகோ நிறுவனம் சென்னை – பினாங்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. பாயான் லெப்பாஸிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,365 கிலோமீட்டர்; கேஎல்ஐஏவைவிட 265 கிலோமீட்டர் குறைவு. கம்போங் ராஜா, புளூ வேலி பக்கம் இருப்பவர்கள் சிம்பாங் பூலாய் வழியே இறங்கி வடக்கே பினாங்குக்குப் போவது, தெற்கே சிப்பாங் போவதைவிட வசதி. ரிங்லெட், ஹாபு பக்கம் இருப்பவர்களுக்குத் தாப்பா வழியே கேஎல்ஐஏதான் சரி. பினாங்கில் ஒரு சிக்கல்: கோலாலம்பூரைப் போல ஒரு விமானம் தப்பினால் சில மணி நேரத்தில் இன்னொன்று என்று எதிர்பார்க்க முடியாது.

ஈப்போ? மலைக்கு மிக அருகில் இருக்கும் விமான நிலையம் அதுதான், காரில் இரண்டு மணி நேரம். ஆனால் அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூர் வழியாகப் போகலாம். அதற்கு முதலில் தென்கிழக்கே 480 கிலோமீட்டர் போய், பிறகு அங்கிருந்து 2,920 கிலோமீட்டர் சென்னைக்குப் பறக்க வேண்டும். வயதானவர்களுக்கு மலைச் சாலைப் பயணம் குறைகிறது என்பதைத் தவிர வேறு லாபம் தெரியவில்லை.

இதே தூரத்துக்கு ஒரு காலத்தில் ஒரு வாரம்

கேமரன் மலையில் போ தேயிலை நிறுவனம் தொடங்கியது 1929இல். பாரத் தேயிலை 1933இல். இந்தியா, தொழிலாளர்களைச் செலவு கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதற்குத் தடை விதித்தது 1938இல். ஆக, தமிழ்நாட்டிலிருந்து நேரே இந்த மலைக்கு ஆள் எடுக்கக் கிடைத்த காலம் பத்து ஆண்டுகூட இல்லை; அதிலும் முதல் சில ஆண்டுகள் உலகப் பொருளாதார மந்தத்தில் போய்விட்டன.

அன்று வந்தவர்கள் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கி, மருத்துவச் சோதனை முடித்துக் கப்பல் ஏறினார்கள். தாத்தா பாட்டி வாயில் இன்றும் வருகிற பெயர் எஸ்.எஸ். ராஜூலா. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. முழுப் பயணமும் ஏறத்தாழ ஒரு வாரம். அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் பயணிகள் போக்குவரத்து முடிந்தது.

கப்பல் காலத்தில் சாவுக்குப் போவது என்ற பேச்சே இல்லை. தந்தியோ கடிதமோ வரும்; இங்கேயே தலை முழுகிவிட்டு வேலைக்குப் போவார்கள். விமானம் வந்த பிறகுதான் 'போகலாமா' என்ற கேள்வியே வந்தது.

இப்போது பெரிய தடை தூரம் இல்லை, விசா

மேலே சொன்ன 16 மணி நேரம் விசா கையில் இருப்பவருக்கு. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் இந்தியாவுக்குள் நுழைய விசா வேண்டும். இணையம் வழி மின் விசா எடுக்கலாம். சென்னை, திருச்சி இரண்டு விமான நிலையங்களிலும் அது செல்லும். ஆனால், போய்ச் சேரும் நாளுக்குக் குறைந்தது 4 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது இந்திய அரசின் அறிவுறுத்தல். முன்னதாகவே கிடைத்துவிடுவதும் உண்டு. அதை நம்பி டிக்கெட் எடுப்பது உங்கள் துணிச்சல். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதையும் பலர் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

நம் வழக்கத்தில் உடலை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வைத்திருப்பார்கள். 4 நாள் விசாவோடு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவசரம் என்றால் மின் விசாவுக்குக் காத்திருக்காமல், கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தைத் தொலைபேசியில் அழைத்து நேரடியாகக் கேளுங்கள். அப்போதும் முடியவில்லை என்றால், அடக்கத்துக்கு ஓடுவதை விட்டுவிட்டுப் பதினாறாம் நாள் காரியத்துக்குத் திட்டமிடுவது நல்லது. இரண்டு வாரம் இருக்கிறது. விசா, விடுப்பு, டிக்கெட் எல்லாவற்றுக்கும் போதும்.

ஊரில் வயதான பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ இருந்து, அடிக்கடி போய் வருகிறவர்கள் ஓசிஐ அட்டைக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்து வைக்கலாம். இந்திய வம்சாவளியினருக்கான அந்த அட்டை இருந்தால் விசாவே வேண்டாம். முன்னோர் இந்தியாவில் பிறந்ததற்கான ஆவணம் கேட்பார்கள். தோட்டக் குடும்பங்களில் அந்தக் காகிதத்தைத் தேடுவது தனி வேலை. அதைத் துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு தேட முடியாது.

பெர்மிட்டில் தோட்ட வேலைக்கு வந்திருப்பவர்கள் நிலை வேறு. இன்று தேயிலை வெட்டுபவர்களில் வங்காளதேசத்தினரும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும் நிறைய. தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. சொந்த நாட்டுக்குப் போக அவர்களுக்கு விசா வேண்டாம். விடுப்பும் கடப்பிதழும் வேண்டும். ஒருவரின் கடப்பிதழை இன்னொருவர் பிடித்து வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அது யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து, 16 மணி நேரம் 16 நாளாகவும் ஆகலாம்.

அங்கிருந்து இங்கே வருவது எளிது

தூரம் ஒன்றுதான், காகிதம் ஒன்றல்ல. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமலே மலேசியாவில் 30 நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசிய மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும். அதற்குக் கட்டணம் கிடையாது.

ஆக, ஹாபுவில் ஒரு பெரியவர் தவறிவிட்டால், நாமக்கல்லில் இருக்கும் தம்பி கடப்பிதழ் இருந்தால் அன்றிரவே விமானம் ஏறலாம். நாமக்கல்லில் தம்பி தவறினால், ஹாபுவில் இருக்கும் அண்ணன் விசாவுக்குக் காத்திருக்க வேண்டும்.

அப்படி வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுங்கள். கேஎல்ஐஏவில் இரவில் இறங்கினால் மலைக்குப் பேருந்து காலையில்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இங்கிருந்து யாராவது காடி எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால், எந்த முனையம் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஏர் ஏசியா முனையம் 2இல் வரும்; பாத்தேக் ஏர், இண்டிகோ, மலேசியா ஏர்லைன்ஸ் முனையம் 1இல். தாப்பா வளைவுகளில் வாந்தி வருகிறவர்களுக்கு ஒரு எலுமிச்சம்பழமும் எடுத்துப் போகலாம்.